குடியும் குடும்பமும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவி

குடி என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. ஒன்று குடும்பம், மற்றொன்று அந்தக் குடும்பத்தைக் கெடுப்பது. வள்ளுவப் பெருந்தகை இரண்டுக்குமே இடம் கொடுத்திருக்கிறார். 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 103ஆம் அதிகாரம் குடிசெயல்வகை. முன்னதைப் பற்றி மேடைகளில் நிறையக் கேட்டிருக்கிறோம். பத்தாம் வகுப்பில் 'மதுவின் தீமைகள்' என்னும் தலைப்பில் நானே பேசி முதல் பரிசு வாங்கியிருக்கிறேன். பரிசு ஓர் எவர்சில்வர் டம்ளர். அந்த டம்ளரில் தண்ணீர் கலந்து குடித்தவர் என் தந்தையார்.

ஆகவே மதுவின் தீமைகளை இங்கு மறுபடியும் அடுக்கப் போவதில்லை. அவை வாசகர்களாகிய உங்களுக்கும் தெரியும், குடிப்பவர்களுக்கும் தெரியும். குடிநோய்க்குரிய மருத்துவம் யாது, அதில் குடிக்காத மற்றவர்களுக்கு என்ன வேலை, அந்த மருத்துவத்தை முன்னின்று நடத்தியவர்கள் யார் என்பதையே எழுத விரும்புகிறேன். வீட்டு விஷயத்தை ஆண்டு மலரில் எழுதலாமா என்று தயங்கித் தாயாரிடம் கேட்டேன். "எழுது ஆத்தா, ஊருக்கே தெரிஞ்சதுதான" என்றார். தந்தையாரிடமும் கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டு, "பேரைப் போடாத" என்றார். கட்டுரையின் தலைப்பில் பெயர் இல்லாததற்குக் காரணம் அதுவே.

முதலில் வேதியியல். நாம் ஆய்வுக்கூடத்தில் கையாளும் எத்தில் ஆல்கஹாலே எல்லா மதுவிலும் உள்ளது. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை இரண்டு படிகளில் ஆக்சிஜனேற்றம் செய்கிறது. முதற்படியில் ஒரு நொதி அதை அசிட்டால்டிஹைடாக மாற்றுகிறது. இது நச்சுத்தன்மை உடையது. இரண்டாம் படியில் வேறொரு நொதி அதனை அசிட்டேட்டாக மாற்றுகிறது. இதனால் தீங்கில்லை. ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் கல்லீரலால் சமாளிக்க முடியும். மோர் கொடுத்தாலும், எலுமிச்சை பிழிந்து கொடுத்தாலும், தலையில் தண்ணீர் ஊற்றினாலும் இந்த வேகம் கூடாது. எங்கள் வீட்டில் இம்மூன்றும் பல ஆண்டுகள் நடந்தன.

இரண்டாம் படியின் நொதியைத் தடுத்துவிட்டால் என்ன ஆகும்? அசிட்டால்டிஹைடு உடலில் தேங்கும். முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும், இரத்த அழுத்தம் இறங்கும். இவ்வாறு தடுக்கும் பொருள் டைசல்பிரம். ரப்பர்த் தொழிலில் பயன்பட்டு வந்த பொருள் அது. டென்மார்க்கைச் சேர்ந்த ஹால்டு, யாகோப்சன் என்னும் இருவர், அது வயிற்றுப் புழுவுக்கு மருந்தாகுமா என்று தாங்களே உட்கொண்டு சோதித்தபோது, மது அருந்தியதும் உடம்பு கெடுவதைக் கண்டனர். 1948இல் அது குடிநோய்க்கு மருந்தாக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதைக் குடிப்பவருக்குத் தெரியாமல் கொடுக்கலாகாது. அவர் அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ள வேண்டும். இல்லையேல் உயிருக்கே ஆபத்தாகலாம்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது எங்களுக்கு இது தெரியாது. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம்' என்று சுவரொட்டி ஒட்டியிருந்த ஒருவரிடம் என் தாயார் 3000 ரூபாய் கொடுத்து ஒரு பொடி வாங்கி வந்தார். தோட்டை அடகு வைத்த பணம். ரசத்தில் கலந்தார். மூன்றாம் நாளே தந்தையார் கண்டுபிடித்துவிட்டார். குடி நிற்கவில்லை, வீட்டுச் சாப்பாடுதான் நின்றது. ஐந்து மாதம் அவர் எங்கள் கையால் ஒரு வாய் சோறு உண்ணவில்லை. மனைவி விஷம் வைக்கிறாள் என்று கடைத்தெருவில் சொல்லவும் செய்தார்.

"நினைச்சா விட்ரலாம், அவனுக்கு மனசு இல்ல" என்பது ஊரார் வாக்கு. ஆண்டுதோறும் கார்த்திகையில் என் தந்தையார் ஐயப்பனுக்கு மாலை போடுவார். 48 நாள் ஒரு சொட்டுத் தொடமாட்டார். எங்கள் வீட்டில் தீபாவளி அந்த 48 நாளும்தான். மாலையைக் கழற்றிய அன்றே பழைய கதை தொடங்கிவிடும். ஆகவே நிறுத்துவது ஒன்று, நிறுத்தியபின் நிற்பது மற்றொன்று. முதல் மூன்று இரவும் அவர் வியர்த்து நடுங்குவார். கொத்தனாராகிய அவருக்குக் கரணை கையில் நிற்காது. சாமி வந்து ஆட்டுகிறார் என்று அப்பத்தா திருநீறு பூசுவார். உண்மையில் அது நீண்ட நாள் மதுவுக்குப் பழகிய மூளை, மது திடீரென நின்றதும் தறிகெட்டு ஓடுவதன் அறிகுறி. சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பு வரும். சிலருக்கு இரண்டு முதல் நான்கு நாளுக்குள் புத்தி பேதலித்து, இல்லாத உருவங்கள் தெரியும். மருத்துவமின்றி விட்டால் இறப்பும் நேரலாம். அறைக்குள் பூட்டி வைத்துக் குடியை நிறுத்துவோம் என்று எண்ணும் உறவினர்கள் இதை அறிய வேண்டும். மருத்துவமனையில் இந்நாட்களைக் கடத்த மருந்துகள் உள்ளன. தயமின் என்னும் வைட்டமின் பி-1ஐயும் கட்டாயம் கொடுப்பார்கள்.

1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடியை ஒரு நோய் என்று ஏற்றது. ஆனால் அந்த நோய் வீட்டில் ஒருவரை மட்டும் பிடிப்பதில்லை என்பதைக் கண்டவர்கள் மனைவியரே. குடிப்போர் தமக்குள் கூடி உதவிக்கொள்ளும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் 1935இல் அமெரிக்காவில் பிறந்தது. அதைத் துவக்கியவர்களில் ஒருவரின் மனைவி லோயிஸ், குடிப்போரின் குடும்பத்தினருக்கென 1951இல் அல்-அனான் என்னும் தனி அமைப்பை ஏற்படுத்தினார். கணவர் குடியை விட்டபின்னும் தம் கோபமும் அச்சமும் தம்மை விடவில்லை என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

தமிழ்நாட்டில் இந்த வழியைத் திறந்தவர் சாந்தி ரங்கநாதன். அவருடைய கணவர் டி.டி. ரங்கநாதன், மத்திய நிதியமைச்சராயிருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரன். செல்வம், செல்வாக்கு, நல்ல மருத்துவர்கள் எல்லாம் இருந்தும் அவர் குடிநோயால் 1979இல் இளம் வயதிலேயே இறந்தார். எங்கள் வீட்டில் காசில்லாததால்தான் இந்த நிலை என்று எண்ணியிருந்த எனக்கு இச்செய்தி திகைப்பூட்டியது. மறு ஆண்டே, 1980இல், கணவர் பெயரால் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைச் சாந்தி துவக்கினார். அவ்வறக்கட்டளை நடத்துவதே சென்னை அடையாறு இந்திரா நகரிலுள்ள டி.டி.கே. மருத்துவமனை. 1992இல் பத்மஸ்ரீ விருது, 1999இல் ஐக்கிய நாடுகளின் வியன்னா குடிமைச் சமூக விருது ஆகியவை அவரைத் தேடி வந்தன. பின்னதை முதன்முதலாகப் பெற்றவர் அவரே.

விருதுகளை விட அங்குள்ள முறையே நம் கவனத்துக்குரியது. முதலில் உடலிலிருந்து மதுவை நீக்கும் மருத்துவம். அடுத்து சில வாரம் மனத்துக்கு மருத்துவம்: தனியாகப் பேசுதல், குழுவாக அமர்ந்து பேசுதல், தன் வாழ்க்கையைத் தானே திரும்பிப் பார்த்தல். அத்தோடு குடும்பத்தாருக்கு இரண்டு வாரத் தனிப்பயிற்சி. மனைவியோ தாயோ, குடித்தவரைச் சேர்த்துவிட்டுப் பழங்கள் வாங்கிக் கொடுத்துத் திரும்பிவிட முடியாது. தானும் நோயுற்றவள் என்பதுபோல் உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும். வீடு திரும்பியபின்னும் நெடுங்காலம் தொடர்பு உண்டு.

அந்தப் பாடங்களில் என்னைத் தைத்த ஒன்றைச் சொல்கிறேன். குடும்பத்தார் அன்பினால் செய்யும் பல காரியங்கள் குடிப்பவர் தொடர்ந்து குடிக்கவே வசதி செய்கின்றன என்பது அது. கடனை அடைப்பது, வாந்தியைத் துடைப்பது, கேட்போரிடம் பொய் சொல்வது முதலியன. எட்டு வயதிலிருந்து என் வேலை அந்தப் பொய் சொல்லும் வேலைதான். விடிந்ததும் தாயார் எழுப்புவார். "ஆத்தா, மேஸ்திரி வீட்டுக்கு ஓடிப்போயி அப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு வந்துரு." நான் ஓடுவேன். பிறகு கைபேசி வந்ததும் ஓட்டம் நின்றது, காய்ச்சல் நிற்கவில்லை. ஒரே மாதத்தில் ஒன்பது முறை காய்ச்சல் வந்த மனிதர் இச்செட்டிநாட்டில் என் தந்தையார் ஒருவராகவே இருப்பார். கூலி போய்விடக் கூடாதே என்று நாங்கள் சொன்ன பொய், அவருக்கு மறுநாள் வேலையைக் காப்பாற்றிக் கொடுத்தது. வேலை இருந்ததால் குடிக்கக் காசும் இருந்தது.

இன்னொரு பாடம், போதையில் இருப்பவரிடம் வாதாடாதே என்பது. நீருக்குள் மூழ்கியவனைத் தீவிளக்குக் கொண்டு தேடுவதுபோல என்று வள்ளுவர் சொல்லியிருப்பது இதைத்தான். கள்ளுண்ணாமை அதிகாரத்தில் தாயின் முகம் வருகிறது. மனைவியும் பிள்ளைகளும் வரவில்லை. இதை நம் தமிழ்ப் பேராசிரியர்கள் விளக்கினால் நன்று.

சென்னைக்குப் போய் ஒரு மாதம் தங்க எல்லாராலும் இயலுமா? இக்கேள்விக்கு விடையாக அந்த அறக்கட்டளை 1989இல் அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்து மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் முறையைத் துவக்கியது. சுமார் பதினைந்து நாள், ஊரிலேயே ஓரிடத்தில் தங்க வைத்து மருத்துவம். மருத்துவரும் ஆலோசகரும் ஊருக்கு வந்துவிடுவர். உணவுக்கும் இடத்துக்கும் ஊரார் பொறுப்பு. குடும்பத்தாருக்கும் அங்கேயே வகுப்பு. இதைப் பற்றிச் சாந்தி ரங்கநாதன் எழுதிய கட்டுரை 1994இல் 'அடிக்‌ஷன்' என்னும் அனைத்துலக ஆய்விதழில் வெளியாயிற்று. முகாமின் சிறப்பு செலவு குறைவு என்பது மட்டுமன்று. ஒரே ஊரார் பலர் ஒன்றாக மருத்துவம் பெறுவதால், திரும்பியபின் டீக்கடையில் உட்கார ஒருவருக்கொருவர் துணை கிடைக்கிறது. குடியை விட்டவனுக்கு மாலை ஆறு மணிக்கு எங்கே போவது என்பதே பெரிய கேள்வி. டாஸ்மாக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது; அவனுக்கு உட்கார வேறோர் இடம் எத்தனை ஊரில் இருக்கிறது?

ஊரே மருத்துவமனையானதற்கு உலகில் ஒரு பெரிய எடுத்துக்காட்டு கனடாவில் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் அல்கலி லேக் என்று ஓர் ஊர். காரம் எனப் பொருள்படும் பெயர் என்பதால் வேதியியல் மாணவியாகிய என்னை முதலில் கவர்ந்தது அந்தப் பெயரே. ஷுஸ்வாப் எனப்படும் பூர்வகுடி மக்கள் அங்கு ஏறத்தாழ நானூறு பேர் வாழ்ந்தனர். (பாருங்கள், பூர்வகுடியிலும் ஒரு குடி!) ஊரில் பெரியவர்கள் ஏறக்குறைய அனைவரும் குடித்தனர். அக்கம்பக்கத்தார் அந்த ஊரை 'ஆல்கஹால் லேக்' என்றே கேலி செய்தனர்.

1972இல் ஃபில்லிஸ் செல்சி என்னும் பெண்மணி, பாட்டி வீட்டில் விட்டிருந்த குழந்தைகளை அழைத்துவரப் போனார். ஏழு வயது மகள் ஐவி வர மறுத்தாள். நீங்களும் அப்பாவும் குடிக்கிறீர்கள், அதனால் வரமாட்டேன் என்றாள். ஃபில்லிஸ் அத்தோடு குடியை விட்டார். சில நாளில் கணவர் ஆண்டி செல்சியும் விட்டார். ஊரார் மகிழவில்லை, விலகிப் போனார்கள். நீண்ட காலம் இருவரும் ஏறத்தாழத் தனியாகவே இருந்தனர். மறு ஆண்டு ஆண்டி ஊர்த் தலைவரானார். அதன்பின் அவர்கள் செய்தவை நம் ஊர்ப் பஞ்சாயத்துகள் படித்துப் பார்க்க வேண்டியவை. கள்ளத்தனமாக மது விற்றவர்களைக் காவல்துறையின் துணையோடு, அடையாளமிட்ட நோட்டுகளைக் கொண்டு பிடித்தனர். அரசு உதவித்தொகையைப் பணமாகக் கொடுக்காமல் உணவுக்கும் துணிக்குமான சீட்டாகக் கொடுத்தனர். வேலைக்குக் குடித்துவிட்டு வந்தவரிடம், மருத்துவத்துக்குப் போகிறாயா, வேலையை விடுகிறாயா என்று கேட்டனர். போவதாகச் சொன்னால் அவர் குழந்தைகளை ஊர் பார்த்துக்கொண்டது. அவர் திரும்பி வருவதற்குள் வீட்டைப் பழுதுபார்த்து வெள்ளையடித்து வைத்தனர். 1980களின் நடுவில் ஊரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் குடியை விட்டிருந்ததாக அவர்கள் அறிவித்தனர். 'தி ஹானர் ஆஃப் ஆல்' என்னும் படத்தில் அவ்வூர் மக்களே தங்கள் கதையை நடித்துக் காட்டினர்.

மது போனபின்தான் அதற்கடியில் மறைந்திருந்த பழைய காயங்கள் வெளிவந்தன. சிறு வயதிலேயே பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு, தாய்மொழி பேசினாலே அடிவிழும் உறைவிடப் பள்ளிகளில் அடைக்கப்பட்ட தலைமுறை அது. தாய் தந்தையோடு வாழ்ந்திராதவர்கள் தாய் தந்தையாக வாழக் கற்க வேண்டியிருந்தது. அதனால்தான் அம்மாநிலத்துப் பூர்வகுடியினர் நடத்தும் சில நிலையங்கள் குடிப்பவரை மட்டும் சேர்ப்பதில்லை. போர்ட் அல்பர்னியில் உள்ள கக்காமின் என்னும் நிலையத்தில் தாய், தந்தை, குழந்தைகள் என முழுக் குடும்பமும் ஒன்றாகத் தங்கி மருத்துவம் பெறுகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். மது பற்றிய நம் மாநிலக் கொள்கை 1937இல் சேலம் மாவட்டத்தில் இராஜாஜி கொண்டுவந்த மதுவிலக்கில் தொடங்கி, 1971இல் விலக்கு நீங்கி, 1974இல் திரும்பி, 1983இல் டாஸ்மாக் பிறந்து, 2003இல் சில்லறை விற்பனையும் அரசிடம் வந்த வரலாறு. அதைப் பட்டிமன்றத்தார் பார்த்துக்கொள்வர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறொரு கணக்கு. 2019இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 5.7 கோடிப் பேருக்குக் குடியால் வரும் சிக்கலுக்கு உதவி தேவை. மதுவுக்கு அடிமையானவர்களில் ஏதேனும் ஒரு மருத்துவ உதவியைப் பெற்றவர் 38 பேரில் ஒருவர்தாம்.

அந்த ஒருவராக என் தந்தையார் ஆனது அவர் விருப்பத்தால் அன்று. சென்ற ஆண்டு, அரசு மருத்துவமனையில் மனநல ஆலோசகர் ஒருவரை நானும் தாயாரும் பார்த்தோம். "அவுக வரமாட்டேங்குறாக சார்" என்று தாயார் அழுதார். "அவர் வராட்டிப் பரவாயில்லைம்மா. நீங்க அடுத்த செவ்வாய்க்கிழமை வாங்க" என்றார் ஆலோசகர். எனக்கு அப்போது கோபம்தான் வந்தது. குடிப்பவர் ஒருவர், மருந்து இன்னொருவருக்கா? ஆறு செவ்வாய்க்கிழமைகள் தாயார் போனார். ஏழாவது வாரம் ஒரு காலையில் மேஸ்திரியிடமிருந்து தொலைபேசி வந்தது. தாயார் என்னிடம் கொடுக்காமல் தாமே எடுத்தார். "அண்ணே, காய்ச்சல் இல்லண்ணே. ராத்திரிக் குடிச்சுட்டு வந்தாக. எந்திரிக்க முடியல" என்றார். மறுமுனையில் மேஸ்திரி சொன்னது எனக்கும் கேட்டது. "தெரியும் தங்கச்சி. இத்தன வருசமும் தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

அன்று மாலை மேஸ்திரி வீட்டுக்கே வந்தார். கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடொன்றுக்குச் சுண்ணாம்புப் பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது. முட்டையும் சுண்ணாம்பும் சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றும் அந்த வேலைக்கு என் தந்தையாரை விட்டால் அவரிடம் ஆள் இல்லை. "வைத்தியம் பாத்துட்டு வா. உன் கரணை அங்கயே இருக்கும். பாக்காம வராத" என்றார். அல்கலி லேக்கைப் பற்றி அவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். தந்தையார் அவரைத் திட்டினார், தாயாரைத் திட்டினார், என் படிப்பைத் திட்டினார். நான்காம் நாள் மருத்துவமனைக்கு வந்தார். பதினான்கு நாள் உள்ளே இருந்தார். தாயாரும் அவரோடு அமர்ந்து ஆலோசனை கேட்டார். ஒருநாள் எங்களையும் அழைத்தார்கள். பொடி கலந்த ரசத்தைப் பற்றித் தந்தையார் எல்லார் முன்னிலும் சொன்னார். தாயார் மன்னிப்புக் கேட்டார். அதன்பின் அவர் கேட்டார். என் தம்பி மட்டும் ஒன்றும் பேசாமல் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்றும் அவன் தந்தையாரோடு அதிகம் பேசுவதில்லை. அவனுக்குப் பதினான்கு வயது.

இப்போது பத்து மாதம் ஆகிறது. இடையில் சித்திரை மாதம், ஓர் இழவு வீட்டுக்குப் போன இடத்தில், தந்தையார் மறுபடி குடித்துவிட்டார். அந்த இரவு எங்கள் வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாதாடக் கூடாது என்பது தாயாருக்குத் தெரியும். எனக்கு வாதாடத் தெம்பில்லை. எல்லாம் முடிந்தது என்றே எண்ணினேன். ஆலோசகர் முன்பே சொல்லியிருந்தார், சர்க்கரை நோய் கூடிக் குறைவதுபோல இதிலும் சறுக்கல் உண்டு, சறுக்கினால் உடனே வாருங்கள் என்று. கேட்கும்போது எளிதாயிருந்தது.

விடிந்ததும் தொலைபேசி ஒலித்தது. தாயார் எழுந்து போவதற்குள் தந்தையாரே எடுத்தார். கை நடுங்கியது. "அண்ணே, நேத்துக் குடிச்சுட்டேன். இன்னைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். நாளைக்கு வர்றேன்" என்றார். பிறகு தாயாரைப் பார்த்து, "கெளம்பு" என்றார். அவர்கள் இருவரும் சிவகங்கைப் பேருந்தில் ஏறினார்கள். எனக்கு அன்று உப்புப் பகுப்பாய்வுச் செய்முறைத் தேர்வு. நான் கல்லூரிக்கு வந்தேன்.